மாகானாவும் மகனும்

கரூரிலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், காவிரிப் பாலத்துக்குச் சற்று முன்னால் வேலாயுதம்பாளையம் வருகிறது. ஊரை ஒட்டி ஒரு குன்று நிற்கிறது. ஊரார் அதைப் புகழிமலை என்பர்; கல்வெட்டு நூல்களில் அதன் பெயர் புகளூர் ஆறுநாட்டார் மலை. உச்சியில் முருகன் கோயில். அடியார்கள் ஏறும் படிகளை விட்டு விலகிப் பாறைச் சரிவை ஒட்டி நடந்தால் இயற்கையாக அமைந்த குகைத்தளங்கள் தென்படும். உள்ளே சமணத் துறவியர் கிடந்த கற்படுக்கைகள். படுக்கைகளை ஒட்டியும் பாறை முகப்பிலும் தமிழ் பிராமி எழுத்துகள்.

நாங்கள் நால்வர் ஒரு மார்கழிக் காலையில் அங்கே போயிருந்தோம். எழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்து, பழைய மைப்படிகளின் அச்சைப் பார்த்துப் பழகிய பிறகுதான் போனோம். ஆனாலும் முதல் அரைமணி நேரம் எவராலும் ஒரு சொல்லையும் முழுதாக வாசிக்க இயலவில்லை. இதில் வியப்பு என்னவென்றால், எங்களுள் மிகவும் திணறியவர் மிகுதியாகப் படித்தவர்தான். அவர் அசோகர் கல்வெட்டுகளை நூல் வழியே பல மாதம் பயின்றவர். மெய்யெழுத்து தனித்து நின்றால் அதற்குள் அகரம் இருக்கிறது என்பது அவருக்கு மூச்சு விடுவதுபோலப் பழகியிருந்தது. கண்முன்னே மூன்று எழுத்துகள் நிற்கின்றன. அவர் ‘ம, க, ன’ என்று ஓதுகிறார், நின்று யோசிக்கிறார், அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். பிராமியில் பயிற்சி குறைந்த இன்னொருவர்தான், “அது மகன் அல்லவா?” என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு என்பதை வீடு திரும்பிப் படித்தபோதுதான் உணர்ந்தோம். எங்கள் நண்பர் குகையில் அரைமணி நேரம் தடுமாறிய அதே இடத்தில் இந்தியக் கல்வெட்டியலின் பெரும் பெயர்கள் பல பத்தாண்டுகள் தடுமாறியிருக்கின்றன. அவர்களை இடறச் செய்தது அறியாமை அன்று. வேறோர் இடத்தில் முற்றிலும் சரியாக இருந்த அறிவு.

ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் பிராமி எழுத்தை வாசித்துக் காட்டினார். அதுவரை ஊமையாக நின்ற அசோகரின் தூண்களும் பாறைகளும் பேசத் தொடங்கின. அவ்வெழுத்தின் அடிப்படை விதி எளியது: குறியேதும் இல்லாத மெய் அகரத்தோடு ஒலிக்கும், வலப்பக்கம் ஒரு சிறு கோடு சேர்ந்தால் ஆகாரம். மெய்யைத் தனியே ஒலிக்க வேண்டிய தேவை பிராகிருதத்தில் அரிது. சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிகின்றன. கூட்டெழுத்து வேண்டுமானால் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கலாம். கத்தியவார் முதல் ஒரிசா வரை இந்த விதி பொய்த்ததில்லை.

பிறகு தெற்கே குகைகள் தென்பட்டன. மதுரைக்கு அருகே மாங்குளத்தில் ராபர்ட் சிவெல் 1882இல் எழுத்துகளைக் கண்டார். 1903இல் வெங்கையா கீழவளவுக் கல்வெட்டைக் கண்டறிந்தார். அதன் பிறகு பாண்டி நாட்டுக் குன்றுகள் பலவற்றிலிருந்து படிகள் வந்து சேர்ந்தன. எழுத்து அசோகருடையதைப் போலவே இருந்தது, குகையோ துறவியருடையது. ஆகவே மொழி பாலியாகவோ பிராகிருதமாகவோ இருக்கும் என எதிர்பார்த்ததில் குற்றம் காண நமக்கு மனமில்லை. எச். கிருஷ்ண சாஸ்திரி 1919இல் இவற்றின் பாடங்களை அறிஞர் அவையின் முன் வைத்தார். தமிழ்ச் சொற்கள் சில ஊடே வருவதை அவரும் கவனித்தார். ஆனால் ஒட்டுமொத்த மொழி என்னவென்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்த விதிப்படி வாசித்தால் கிடைத்த சொற்கள் எந்த மொழியிலும் இல்லை.

முதல் பூட்டைத் திறந்தவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர். 1924இல் சென்னையில் நடந்த கீழைத்தேயவியல் மாநாட்டில் அவர் படித்த கட்டுரையைத் தமிழ்க் கல்வெட்டியலின் பிறந்தநாள் எனலாம். அவர் செய்தது மிக எளிமையான ஒன்று. இவ்வெழுத்துகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு நில்லாமல், என்ன இல்லை என்றும் எண்ணிப் பார்த்தார். வர்க்க எழுத்துகள் இல்லை. ‘க’வுக்கு அடுத்த மூச்செறியும் ஒலியோ, அதிரும் ஒலியோ தென்படவில்லை. அதே வேளையில், வடக்கே எங்கும் காணாத சில வடிவங்கள் இருந்தன; அவை ழ, ள, ற, ன. இவற்றை வைத்து மொழி தமிழ்தான் என்றார்.

அத்தோடு சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மொழியைப் பற்றிய முன்முடிவை அவர் கைவிட்டாரேயன்றி, எழுத்தின் விதியைப் பற்றிய முன்முடிவு அப்படியே எஞ்சியது. மொழி தமிழ் என்று ஒப்புக்கொண்டு வாசித்தபோதும் சொற்கள் தமிழாக ஒலிக்கவில்லை. நீட்ட வேண்டாத இடத்தில் நீண்டன, முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் தொங்கின. இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு 1938இல் சி. நாராயண ராவ் இவை பைசாசி என்னும் பிராகிருதத்தில் அமைந்தவை என்று மீண்டும் வாதிட்டார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வண்டி புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது! பாதி கைவிடப்பட்ட பிழை, முழுப் பிழையைக் காட்டிலும் தொல்லை தரும் போலும்.

அந்த விதியின் சூட்சுமத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தமிழில் சொல்லிறுதியில் மெய் வருவது இயல்பு. நடுவிலும் மெய் தனித்து நிற்கும். பிராகிருதத்துக்காக அமைந்த எழுத்தைத் தமிழுக்கு எடுத்துக்கொண்ட முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டனர். மிகப் பழைய கல்வெட்டுகளில் குறியில்லாத வடிவம் மெய்யை மட்டுமே குறித்தது. அகரம் சேர்ந்தால் பக்கவாட்டில் ஒரு கோடு. ஆகாரத்துக்கும் அதே கோடுதான். குறிலா நெடிலா என்பதை வாசிப்பவர் இடம் பார்த்துத் தெளிய வேண்டும். இந்த முறையில் ‘மகன்’ என்று எழுதினால் மகரத்துக்கு ஒரு கோடு, ககரத்துக்கு ஒரு கோடு, னகரம் வெறுமனே நிற்கும். பிரின்செப்பின் விதியோடு வருபவர் இதை ‘மாகான’ என்றுதான் வாசிப்பார். ஒவ்வோர் எழுத்தையும் சரியாக அடையாளம் கண்டிருப்பார். ஆனாலும் சொல் கிடைக்காது.

காலம் செல்லச் செல்ல எழுதும் முறையும் மாறியது. கோடு ஆகாரத்துக்கு மட்டும் உரியதாயிற்று. குறியற்ற எழுத்து இடத்துக்கேற்ப மெய்யாகவும் அகரமேறிய மெய்யாகவும் நின்றது. புகளூரில் நாங்கள் கண்டது இந்த வகை. இறுதியில் புள்ளி வந்து குழப்பத்தைத் தீர்த்தது. தொல்காப்பியர் மெய்க்குப் புள்ளியை விதித்ததன் பின்னால் எத்தனை தலைமுறைத் தடுமாற்றம் இருந்திருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் புலவர்கள் ஓலைச்சுவடியில் புள்ளியில்லாத எழுத்தைத்தான் நூற்றாண்டுக் கணக்கில் வாசித்து வந்தனர். எகர ஏகார வேறுபாடு தெரியாது, காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்று, மெய்யா உயிர்மெய்யா என்பது பொருள் நோக்கித் தெளிய வேண்டியது. உ.வே.சா. போன்றவர்கள் சுவடியோடு பட்ட பாட்டில் பாதி இதுதான். குகைக் கல்வெட்டை வாசிக்கத் தேவைப்பட்ட மனப்பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் சுவடி புலவர் கையில் இருந்தது, மைப்படி கல்வெட்டுத் துறையின் அலமாரியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பெரிய போக்குவரத்து இருந்ததாகத் தெரியவில்லை.

ஆந்திரத்தில் பட்டிப்ரோலு என்னுமிடத்தில் 1892இல் கிடைத்த பேழைகளின் எழுத்திலும் அகரத்துக்குத் தனிக் கோடு உண்டு. ஜெர்மானிய அறிஞர் பூலர் அதை அப்போதே எடுத்துக் காட்டியிருந்தார். அகரத்தைத் தனியே குறிக்கும் பிராமி ஒன்று உண்டு என்ற செய்தி எல்லோரும் புரட்டக்கூடிய இதழில் அச்சாகிக் கிடந்தது. அதைத் தமிழ்க் குகைகளோடு பொருத்திப் பார்க்க அறுபது, எழுபது ஆண்டுகள் ஆயின.

பொருத்திப் பார்த்தவர் ஐராவதம் மகாதேவன். தொழிலால் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பின்னாளில் தினமணி ஆசிரியராக வாசகர்கள் பலரும் அறிந்தவர். 1960களின் தொடக்கத்தில் குகைகளுக்கு நேரே சென்று படியெடுக்கத் தொடங்கினார். கல்வெட்டுத் துறையில் முறையாகப் பயின்று வந்தவர் அல்லர் என்பது அவருக்கு உதவியிருக்கும் என்று நாங்கள் கருதுகிறோம்; எங்கள் குகை அனுபவத்தால் அப்படித் தோன்றுகிறது, நிரூபிக்க வழியில்லை. எழுத்தைத் தமிழ் இலக்கணத்தின் வழியே அணுகினார். எழுதியவன் தமிழன், அவன் தவறாக எழுதவில்லை, தவறு நம் வாசிப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விதியைத் திருப்பிப் போட்டார். 1965இல் அவர் வெளியிட்ட முடிவுகள் இரண்டு. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர். புகளூரில் சேர மன்னர் மூன்று தலைமுறை.

நெடுஞ்செழியன் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்துக்குப் போன எந்தத் தமிழ்ச் சிறுவனும் அறிவான். அது பாறையில் எழுதப்பட்டு, 1882இலேயே கண்டறியப்பட்டு, எண்பத்து மூன்று ஆண்டுகள் அடையாளமின்றி இருந்தது. புகளூர்க் கதை இன்னும் கூர்மையானது. அந்தக் கல்வெட்டுகளை 1920களின் இறுதியிலேயே துறை படியெடுத்திருந்தது. அதில் வரும் இரும்பொறை என்னும் பெயரைத் தாங்கிய பதிற்றுப்பத்து 1904இலேயே உ.வே.சா. பதிப்பாக வெளிவந்துவிட்டது. பூட்டும் சாவியும் ஒரே வீட்டில் நாற்பது ஆண்டுகள் அருகருகே கிடந்திருக்கின்றன.

கல்வெட்டின் செய்தி சிறியது. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் மூத்த சமணத் துறவிக்காக, கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகனான பெருங்கடுங்கோனின் மகன் இளங்கடுங்கோ, இளவரசுப் பட்டம் ஏற்றபோது அறுப்பித்துக் கொடுத்த உறையுள் இது. அவ்வளவுதான். காலம் கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டு அளவில் வைக்கப்படுகிறது. இம்மூவரையும் பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு மகாதேவன் ஒப்பிட்டார். அந்த ஒப்பீட்டில் ஓர் இடறலும் உண்டு: ஒன்பதாம் பத்தின் பதிகம் இளஞ்சேரல் இரும்பொறையின் தந்தையாகக் குட்டுவன் இரும்பொறையைச் சொல்கிறது. கல்வெட்டின் தலைமுறை வரிசை அதனோடு முழுக்கப் பொருந்தவில்லை. ஆனால் இரும்பொறை மரபினர் இந்தக் கரையில் நின்று துறவிக்குக் கல் அறுத்துக் கொடுத்தார்கள் என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் கொங்கு நாட்டார்க்கான சங்கதி தொடங்குகிறது. நம் தலைமுறை பள்ளியில் படித்த வரைபடம் நினைவிருக்கும். சோழர் தஞ்சைப் பக்கம், பாண்டியர் மதுரைப் பக்கம், சேரர் என்றால் மலைக்கு அப்பால் கேரளம். நடுவே கோயம்புத்தூர், ஈரோடு, கரூர் இருந்த இடம் வெறுமையாக, பழுப்பு நிறமாக இருக்கும். மூவேந்தர் வரலாற்றில் எங்கள் ஊருக்கு வேலை இல்லை, இது காடும் மேடும் கால்நடையும் என்றே நாங்களும் எண்ணி வளர்ந்தோம். சேரன் என்றால் கேரளத்தான் என்பது ஐயத்துக்கே இடமில்லாத உண்மையாக எங்களுக்குள் படிந்திருந்தது.

அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அதனால்தான் அது அத்தனை வலுவாக நின்றது. சேரருக்கு மேற்குக் கரையில் முசிறி இருந்தது. குட்டுவர் பெயர் அந்தப் பக்கத்தோடு ஒட்டியது. ஆனால் 2ஆம் நூற்றாண்டில் தாலமி கேரோபோத்ராஸ் என்னும் அரசனின் தலைநகராக உள்நாட்டில் ‘கரோரா’ ஒன்றைக் குறித்திருக்கிறார். வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்ற வழக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நம் அறிஞர்களிடையே உறவுகள் முறியும் அளவுக்கு நடந்தது. அந்த வழக்கில் இரு தரப்பும் பாடல்களையும் உரைகளையுமே சாட்சிக்கு அழைத்தனர். அவர்கள் வழக்காடிக்கொண்டிருந்த காலம் முழுக்க, கரூரிலிருந்து ஒரு காலைநேர நடைப்பயணத் தொலைவில் இந்தக் கல் வாசிக்கப்படாமல் கிடந்தது. அதன் பிறகு அமராவதி ஆற்று மணலிலிருந்து கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறை, மாக்கோதை முதலிய பெயர் பொறித்த காசுகள் வந்தன. இன்று வஞ்சி பற்றிய விவாதம் முற்றாக முடிந்துவிட்டதென்று சொல்லமாட்டோம். ஆனால் வரைபடத்தில் அந்தப் பழுப்பு நிறத்தை இனி யாரும் அப்படியே விட முடியாது.

பழக்கம் மட்டும் எளிதில் விடுவதில்லை. ஈரோட்டுக்குத் தெற்கே அறச்சலூரில் நாகமலைக் குகைக் கல்வெட்டை 1960களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு கண்டறிந்தார். குகை, கற்படுக்கை, பழைய எழுத்து ஆகியவற்றைப் பார்த்ததும் நாம் எதிர்பார்ப்பது என்ன? கொடுத்தவர் பெயர், பெற்ற துறவியின் பெயர். அங்கே இருப்பது ‘தா, தை’ போன்ற அசைகள். வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகள், இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றாகவே வரும்படி அமைக்கப்பட்டவை. ஆடலுக்குரிய தாளக்கட்டு! எழுத்தைப் புணர்த்தவன் பெயரும் இருக்கிறது: மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்பான் காசும் மணியும் நோட்டம் பார்ப்பவன். கொங்கு நாட்டில் மணி நோட்டம் பார்த்த ஒருவன் ஆட்டத்தின் அசைகளைக் கல்லில் கட்டமைத்து வைத்திருக்கிறான். இக்கல்வெட்டின் படியை நாங்கள் முதன்முறை பார்த்தபோது, இது என்ன கொடை, யாருக்கு என்று தேடிக்கொண்டே இருந்தோம் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

மணி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நொய்யல் கரையில் விடை கிடைத்தது. சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழாய்வு நடத்தியது; எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் அதில் முனைந்தனர். பதிற்றுப்பத்து அணிகலத்துக்குப் பேர்போனதாகச் சொல்லும் கொடுமணம் இதுவே என்று கொள்ளப்படுகிறது. பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம், பளிங்கு என மணிகள் செய்து முடித்த நிலையிலும் அரைகுறையாகவும் கிடைத்தன. அதாவது மணி வெளியிலிருந்து வந்து இறங்கவில்லை, அங்கேயே பட்டை தீட்டப்பட்டது. இரும்பு உருக்கிய உலைகளும் உண்டு. பச்சைக்கல்லுக்கு அருகிலேயே காங்கேயம் பக்கத்துப் படியூர் இருக்கிறது. கோவைக்கு அருகில் வெள்ளலூரில் 1842 முதல் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்துவந்ததற்கு ஒரு காரணம் கையில் அகப்பட்டது.

ஆனால் எங்களை அதிகம் உலுக்கியவை பானையோடுகள். நூற்றுக்கணக்கான ஓடுகளில் தமிழ் பிராமியில் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. எழுத்து அரசனிடமும் துறவியிடமும் மட்டுமே இருந்தது என்று குகைகள் நமக்குள் விதைத்த எண்ணம் இங்கே உடைந்தது. கண்ணன், ஆதன், சாத்தன் என்று சோற்றுப்பானையிலும் நீர்க்கலத்திலும் ஆள் பெயர் எழுதியிருக்கிறார்கள்.

அதே ஓடுகளில் விசாகி, சுமணன் என்ற பெயர்களும் ‘நிகம’ என்ற சொல்லும் இருக்கின்றன. நிகமம் என்பது வணிகர் குழு, வடசொல் வழிவந்தது. புகளூர்க் கல்வெட்டின் செங்காயபன் என்ற பெயருக்குள்ளும் காசியபன் ஒளிந்திருக்கிறார். ஆக, முதலில் பிராகிருதம் என்று மயங்கியவர்கள் ஒன்றுமில்லாத இடத்தில் அதைக் காணவில்லை. இன்று நம்மில் சிலருக்கு நேர்மாறான மயக்கம் வந்திருக்கிறது. மொழி தமிழ் என்று தெரிந்ததும், கலப்புப் பெயர் எதையும் கண்ணில் படாததுபோலத் தாண்டிப் போகிறோம். ‘நிகம’ என்ற ஓட்டைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. வணிகப் பெருவழியில் அமைந்த ஊரில் பலமொழி மக்கள் பானை வைத்திருந்ததில் நமக்கு என்ன குறை என்று புரியவில்லை.

மகாதேவனிடத்திலும் கைவிடக் கடினமான ஒன்று இருந்தது. பிராமி எழுத்து அசோகர் காலத்தை ஒட்டிச் சமணத் துறவியரோடு தெற்கே வந்தது என்று அவர் கருதினார்; 2003இல் வெளிவந்த அவருடைய பெருநூலும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. ராஜன் பழனிக்கு அருகே பொருந்தலில் 2009-10இல் நடத்திய அகழாய்வில் எழுத்துடைய கலத்தோடு கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. கொடுமணலில் 120 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 408 வந்தது. இவை சரியானால் எழுத்து அசோகருக்கு முந்தியது. குகைத் துறவியர் வரும் முன்பே கொங்கின் வணிகத் தெருக்களில் புழங்கியது. ஓரிரு கணிப்பை வைத்து முடிவுகட்டலாகாது, மேலும் பல வேண்டும் என்றார் மகாதேவன். சுப்பராயலுவும் எச்சரிக்கையாகவே பேசினார். பிறகு கீழடி வந்தது; காலம் இன்னும் பின்னோக்கி நகர்த்தப்பட்டது; விவாதம் நடக்கிறது. மகாதேவன் 2018 நவம்பரில் மறைந்தார்.

இந்த வழக்கில் எங்களுக்கு ஒரு சார்பு உண்டு. கொடுமணல் எங்கள் ஆற்றங்கரை. அதன் காலம் முந்திப் போகப் போக உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஏற்படுகிறது. அந்தக் குளிர்ச்சிக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. பிராகிருதம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ‘மாகான’ தென்பட்டதுபோல எங்களுக்கு எது தென்படப்போகிறதோ தெரியவில்லை. 1990களில், அறுபது வயதைக் கடந்தபின், மகாதேவன் தாம் முன்பு வாசித்த கல்வெட்டுகளையெல்லாம் மீண்டும் குகை குகையாக ஏறிப் புதிதாகப் படியெடுத்துச் சரிபார்த்தார் என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம்.

புகளூரில் அந்தச் சேரர் வாசகம் சிறு வேறுபாடுகளோடு இரு இடங்களில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒன்றில் தேய்ந்தது மற்றொன்றில் தெளிவாக இருக்கும். அன்று வெயில் ஏறிய பிறகு நாங்கள் இரண்டாவது இடத்துக்குப் போனோம். அசோகர் பிராமி படித்த நண்பரையே முதலில் வாசிக்கச் சொன்னோம். அவர் விரலைக் கல்லின் மேல் படாமல் நகர்த்திக்கொண்டே வந்தார். ‘ம, க, ன’ என்று மறுபடியும் வந்துவிட்டது. நிறுத்தினார். “மகன்,” என்றார். விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.